கத்தரி, மிளகாயை எப்போது வெளியே நடலாம்? ‘கடைசி உறைபனித் தேதி’ சொல்வதும் சொல்லாததும்

மே மாதம் பிறந்ததும் கனடாவின் ரொறன்ரோ பெரும்பாகத்தில், ஸ்காபுறோவிலும் மார்க்கத்திலும் நாற்றுக் கடைகள் நிரம்பிவிடும். தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகளைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு எங்கள் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையில் ஆளுக்கொரு விதி உண்டு. "விக்டோரியா டே கழிந்தால் பயமில்லை" என்பார் ஒருவர், மே பிற்பாதியில் வரும் கனடிய விடுமுறையைச் சொல்லி. "மே பத்துக்குப் பிறகு பனி கிடையாது என்று போட்டிருக்கிறார்கள்" என்பார் அடுத்தவர். "பகலில் 20 டிகிரி அடிக்கிறது, இன்னும் என்ன யோசனை?" என்று மூன்றாமவர் சொல்லிவிட்டு அன்று மாலையே நட்டுவிடுவார்.

மூன்று பேர் பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இடைஞ்சல் என்னவென்றால், செடியை வெளியே வைப்பதில் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. இனி உறைபனி வருமா? உறைபனி வராவிட்டாலும் இந்தக் குளிர் செடியைக் கெடுக்குமா? செடி வேர்விட்டு வளரும் அளவுக்கு மண் சூடாகிவிட்டதா? நாட்காட்டித் தேதி எதுவாக இருந்தாலும் முதல் கேள்வியை மட்டும்தான் தொடுகிறது. அதற்கும் பாதிப் பதில்தான் தருகிறது. மற்ற இரண்டையும் யாரும் கேட்பதில்லை. அதனால்தான் ஜூன் மாதம் முழுக்க "செடி சாகவும் இல்லை, வளரவும் இல்லை" என்ற கவலை வீட்டுக்கு வீடு ஓடுகிறது.

எந்தச் செடிகளுக்கு இந்தக் கவலை?

எல்லாச் செடிக்கும் இது பொருந்தாது. பட்டாணி, பசளி (இங்கே கடையில் கிடைக்கும் ஸ்பினாச், கொடிப்பசளி அல்ல), கோவா (முட்டைக்கோசு), முள்ளங்கி, வெங்காயம் போன்றவை லேசான உறைபனியைத் தாங்கும். உள்ளியை (தமிழ்நாட்டில் பூண்டு) இங்கே அக்டோபரில் நட்டு, பனிக்கு அடியிலேயே குளிர்காலம் முழுக்க விட்டுவைக்கிறார்கள். அது அடுத்த ஜூலையில் நன்றாகவே விளைகிறது.

நாம் பேசப்போவது குளிர்தாங்காச் செடிகளைப் பற்றி. உறைபனி ஒருமுறை பட்டாலே அழிந்துவிடக்கூடிய செடிகள் என்று பொருள். தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமான பகுதிகளிலிருந்து வந்தவை. கத்தரி ஆசியாவின் செடி. வெண்டி, பாகல், புடோல் (புடலை), பயற்றை (நீளப் பயறு) எல்லாம் வெயில் நாட்டுப் பிள்ளைகள். இவை உருவான இடங்களில் உறையும் குளிரைச் சமாளிக்கத் தேவையே இருக்கவில்லை. அதனால் அதற்கான ஏற்பாடு எதுவும் இவற்றின் உடம்பில் இல்லை.

ஆனால் இவற்றுக்குள்ளும் தரம் பிரிக்க வேண்டும். தக்காளி ஓரளவு பொறுக்கும். மிளகாயும் கத்தரியும் அதைவிடக் குறைவாகவே பொறுக்கும். கொடிகளும் வெண்டியும் துளசி இனங்களும் கொஞ்சம்கூடப் பொறுக்காது. எல்லாவற்றையும் ஒரே சனிக்கிழமையில் நட்டு முடித்துவிடும் பழக்கம் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறது.

அந்தத் தேதி எங்கிருந்து வருகிறது?

வசந்தத்தில் வெப்பமானி பூச்சியத்துக்கு (0 டிகிரி செல்சியஸ்) இறங்கிய கடைசி இரவைத்தான் அந்த ஆண்டின் கடைசி உறைபனி என்கிறார்கள். ஒரு வானிலை நிலையத்தில் வழக்கமாக 30 ஆண்டுப் பதிவுகளை எடுத்து அந்த இரவுகளின் சராசரியைக் கணக்கிட்டால் கிடைப்பதுதான் ‘சராசரிக் கடைசி உறைபனித் தேதி’. ரொறன்ரோ பெரும்பாகத்தில் இது இடத்தைப் பொறுத்து ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை மாறும். கல்கரியில் மே மூன்றாம், நான்காம் வாரத்துக்குத் தள்ளிப்போகும்.

சராசரி என்ற சொல்லில்தான் பலர் வழுக்குகிறார்கள். சராசரித் தேதி மே 10 என்றால், ஏறத்தாழப் பாதி ஆண்டுகளில் மே 10-க்குப் பிறகும் உறைபனி வந்திருக்கிறது என்று அர்த்தம். ‘அதற்குப் பிறகு வராது’ என்று அது சொல்லவே இல்லை. பத்தில் ஓர் ஆண்டு மட்டுமே ஏமாற்றக்கூடிய தேதி வேண்டுமென்றால் இன்னும் ஒன்றிரண்டு வாரம் தள்ளிப் பார்க்க வேண்டும். கனடாவின் வானிலைப் பதிவுகளில் இந்த நிகழ்தகவும் தனித்தனியாகத் தரப்படுகிறது. சராசரியைவிட அதைப் பார்ப்பதுதான் பயன்.

இன்னொன்று, அந்த வெப்பமானி இருக்கும் இடம். அது தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில், நிழற்கூண்டுக்குள் இருக்கிறது. பல நேரம் விமான நிலையத்தில் இருக்கிறது. உங்கள் நாற்றோ தரையோடு ஒட்டி, உங்கள் வீட்டுப் பின்வளவில் நிற்கிறது. தெளிந்த இரவில் தரைமட்டம் அந்த உயரத்தைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிரும். எனவே வானொலியில் "இரவு 2 டிகிரி" என்று சொன்ன மறுநாள் காலையில் புல்லின் மேல் வெள்ளை பூத்திருந்தால் அதில் அதிசயம் எதுவும் இல்லை.

சரி, விக்டோரியா டே? அரசி விக்டோரியாவின் பிறந்தநாள் 1819 மே 24. கனடாவில் அந்த விடுமுறை மே 25-க்கு முந்திய திங்கட்கிழமையில் வருகிறது. அதனால் 2026-இல் மே 18-ஆம் தேதியும், 2027-இல் மே 24-ஆம் தேதியும் விழுகிறது. கிட்டத்தட்ட ஒரு வார இடைவெளி! வசந்தத்தில் ஒரு வாரம் என்பது சின்ன விஷயம் இல்லை. அந்த நாள் பரவாயில்லாத குறிப்பாக அமைந்ததற்குக் காரணம், ரொறன்ரோவில் உறைபனி ஆபத்து குறையும் காலத்தை ஒட்டி அது வருவதும், நட்டு முடிக்க மூன்று நாள் விடுமுறை கிடைப்பதும்தான்.

ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் பக்கம் இருப்பவர்கள் ‘பனிப் புனிதர்கள்’ என்ற விதியைக் கேட்டிருப்பார்கள். மே 11 முதல் 15 வரை வரும் சில புனிதர்களின் திருநாட்கள் அவை. மே 15 சோபியாவின் நாள். ‘குளிர் சோபி’ என்றே ஜெர்மன்காரர் சொல்வார்கள். அவள் போகும்வரை தக்காளியை வெளியே விடாதே என்பது அங்கே பாட்டன் காலத்து வாக்கு. பல தலைமுறை விவசாயிகளின் கவனிப்பு அதில் இருக்கிறது, அலட்சியப்படுத்தக்கூடாது. ஆனால் அந்த வாக்கின் வேர் பழைய ஜூலியன் நாட்காட்டிக் காலத்தைச் சேர்ந்தது. 1582-இல் கிரெகோரி நாட்காட்டி வந்தபோது 10 நாட்கள் தாண்டப்பட்டன. புனிதர்களின் பெயருக்கான தேதி அப்படியே நின்றுவிட்டது, பருவம் நகரவில்லை. பழையவர்கள் குறித்த அந்தக் குளிர் நாட்கள் இன்றைய கணக்கில் மே 20-ஐத் தாண்டி விழும். அங்கே பல தோட்டக்காரர்கள் மே 15-க்குப் பிறகும் ஒரு வாரம் பொறுப்பதற்கு இது நல்ல நியாயம்.

இதுவரை பார்த்ததன் சாரம்: உறைபனித் தேதி என்பது கடந்த ஆண்டுகளின் சராசரி. அது இந்த ஆண்டுக்கான உறுதிமொழி ஆகாது. வேறோர் இடத்தில், வேறோர் உயரத்தில் அளந்த எண் அது.

உறைபனி உண்மையில் எப்படி உண்டாகிறது?

ஊட்டி தலைகுந்தாவில் புல்வெளி வெள்ளையாகிக் கிடக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அதே உறைபனிதான் இங்கும். மழைபோல வானத்திலிருந்து விழுவதில்லை. செடியின் மேலேயே உருவாகிறது.

பகலில் மண்ணும் இலையும் வெயிலில் சூடேறுகின்றன. இரவில் அந்தச் சூட்டைக் கதிர்வீச்சாக வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கின்றன. மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கு திரும்பி வரும். மேகம் இல்லாவிட்டால் போனது போனதுதான். காற்று வீசினால் மேலே உள்ள இளஞ்சூடான காற்று கீழே கலந்து தரையைக் காப்பாற்றும். காற்றும் அடங்கிவிட்டால் தரையை ஒட்டிய காற்று மட்டும் குளிர்ந்துகொண்டே போகும், இலை அதையும்விடக் குளிரும். காற்றில் ஈரப்பதம் இருந்தால் பனித்துளி படியும்போது கொஞ்சம் வெப்பம் வெளிப்பட்டுக் குளிர்வதை மெதுவாக்கும். வறண்ட இரவில் அந்தத் துணையும் இல்லை.

ஆக, மே மாதத்தில் பயப்பட வேண்டிய இரவு எது என்று பார்த்தால், மேகமில்லாத, காற்றடங்கிய, வறண்ட இரவுதான். பகலில் அழகாக நீலவானம் காட்டிய நாள்தான் பெரும்பாலும் இரவில் காலைவாரும். வானிலை அறிக்கை 3, 4 டிகிரி என்று சொல்லி, வானமும் தெளிந்து காற்றும் நின்றிருந்தால், மூடிவைப்பதுதான் புத்தி.

குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அடைத்த மரவேலிக்கு மேல்பக்கத்தில் வந்து நிற்கும். அதனால்தான் ஒரே தெருவில் ஒரு வீட்டுத் தக்காளி கருகும், நாலு வீடு தள்ளி ஒன்றும் ஆகாது. தெற்குப் பார்த்த செங்கல் சுவரை ஒட்டிய பாத்தி பகல் சூட்டை இரவில் திருப்பித் தரும், முதலில் நடவேண்டிய இடம் அதுதான்.

மூடுவது எப்படி வேலை செய்கிறது என்பதும் இதிலிருந்தே புரியும். துணி தானாகச் சூடு தராது. தரையிலிருந்து எழும் சூட்டைப் பிடித்துவைக்கிறது, அவ்வளவுதான். எனவே துணியின் ஓரம் நான்கு பக்கமும் தரையைத் தொட வேண்டும். செடியின் தலையில் மட்டும் போட்டுத் தண்டில் கட்டிவிட்டால் மண்ணின் சூடு வெளியேதான் போகும். பொழுது சாய்வதற்கு முன்னே மூடிவிட்டு, காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். பழைய படுக்கை விரிப்பே போதும். பிளாஸ்டிக் தாளானால் இலையைத் தொடக்கூடாது, தொட்ட இடம் கருகும். வடக்கிலிருந்து காற்றோடு வரும் கடுங்குளிர் வேறு வகை. அந்த இரவில் துணியின் பலன் குறைவு, சட்டியில் இருக்கும் செடிகளை உள்ளே தூக்கிவிடுவது நல்லது.

செடிக்குள் என்ன நடக்கிறது? பெரும்பாலும் முதலில் உயிரணுக்களுக்கு இடையே உள்ள ஈரம் பனிக்கட்டியாகிறது. அது உயிரணுக்களுக்குள் இருக்கும் நீரை இழுத்துக்கொள்கிறது. சவ்வுகள் சிதைகின்றன. காலையில் உருகியதும் இலை வெந்த கீரைபோலத் துவண்டு, மதியத்துக்குள் கறுத்துவிடும்.

உறையாமலே வரும் கேடு

இந்தப் பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உறைபனி கொன்ற செடியை எல்லோரும் கண்டுபிடிப்பார்கள். குளிர் முடக்கிய செடிக்கு உரம் போட்டு, மருந்தடித்து, கடைசியில் விதையைக் குறை சொல்வார்கள்.

யாழ்ப்பாணத்தில் தேங்காயெண்ணெய் போத்தலில் தண்ணீராக நிற்கும். ரொறன்ரோவில் அதே எண்ணெய் குளிர்காலத்தில் சமையலறைத் தட்டில் வெள்ளையாக இறுகிவிடும், ஏனென்றால் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய் உறையாது. இரண்டும் கொழுப்புத்தான், கொழுப்பின் வகைதான் வேறு.

செடியின் ஒவ்வோர் உயிரணுவைச் சுற்றியும் இருக்கும் சவ்வு பெரும்பாலும் கொழுப்பு வகைப் பொருளால் ஆனது. அது இளக்கமாக இருந்தால்தான் நீரும் சத்தும் முறையாக உள்ளே வெளியே போகும். பட்டாணி, பசளி போன்றவற்றின் சவ்வுகளில் குளிரிலும் இளகி நிற்கும் கொழுப்புகள் அதிகம். வெயில் நாட்டுச் செடிகளின் சவ்வுகளோ ஏறக்குறைய 10 முதல் 12 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்குகின்றன. இறுகிய சவ்வு கசியும், அதில் பொருந்தியிருக்கும் புரதங்கள் சரியாக வேலை செய்யாது. இதற்குப் பெயர் குளிர்க்காயம். பூச்சியத்துக்கு மேலேயே, உறையாமலே செடிக்கு ஏற்படும் கேடு என்று புரிந்துகொள்ளுங்கள்.

அடையாளங்கள் பழக்கமானவைதான். தண்ணீர் இருந்தும் மதிய வெயிலில் இலை வாடும், காரணம் குளிர்ந்த வேரால் போதிய நீரை உறிஞ்ச முடியவில்லை. தக்காளி இலையின் அடிப்பக்கம் ஊதாவாகும், குளிர்ந்த மண்ணில் பாஸ்பரஸ் சத்தை எடுக்க முடியாததால் வருவது அது. துளசி இனங்களின் இலை கறுக்கும். மிளகாய் பூவை உதிர்க்கும். இரவு 13 டிகிரிக்குக் கீழே போனால் தக்காளிப் பூவும் சரியாகக் காய் பிடிக்காது.

ஓரிரண்டு இரவு என்றால் செடி தேறிவிடும். தொடர்ந்து பத்து நாள் 7, 8 டிகிரியில் நின்ற கத்தரி, வெயில் வந்த பிறகும் வெகுநாள் திகைத்துப்போய் நிற்கும். இரண்டு வாரம் பிந்தி நட்ட அடுத்த வீட்டுக் கத்தரி அதை முந்திக்கொண்டு போவதை இங்கே ஆண்டுதோறும் பார்க்கலாம். முந்தி நட்டால் முந்திக் காய்க்கும் என்ற எண்ணம் இந்தச் செடிகளுக்குப் பொருந்துவதில்லை.

மண்ணைத் தொட்டுப் பாருங்கள்

பகல் வெப்பத்தை நம்பி நடுகிறவர்கள் விட்டுவிடுவது மண்ணை. காற்று ஒரே நாளில் சூடாகும். குளிர்காலம் முழுக்க உறைந்து கிடந்த மண் அப்படிச் சூடாகாது. பனி உருகிய ஈரம் நிறைந்த களிமண் இன்னும் மெதுவாகவே சூடேறும், நீரைச் சூடாக்க அவ்வளவு வெப்பம் தேவை. மணல் கலந்த மண்ணும், பலகை அடித்து உயர்த்திய பாத்தியும், கறுப்புச் சட்டியும் சீக்கிரம் சூடாகும்.

விதையே இதற்குச் சாட்சி. பசளி விதை 2, 3 டிகிரி மண்ணிலும் முளைக்கும், பட்டாணி 5 டிகிரியில் முளைக்கும். தக்காளிக்குக் குறைந்தது 10 டிகிரி வேண்டும். மிளகாய், கத்தரி, வெண்டி, வெள்ளரி எல்லாவற்றுக்கும் குறைந்தது 16 டிகிரி. இவை ‘முளைக்கவே முளைக்காத’ எல்லைகள் மட்டும்தான். நன்றாக முளைக்க 20-க்கு மேல் வேண்டும். குளிர்ந்த ஈர மண்ணில் போட்ட வெண்டி விதை முளைக்காமல் அழுகிப்போவது இதனால்தான்.

பத்து சென்ரிமீற்றர் ஆழத்தில் வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். சமையலறையில் இறைச்சிக்குப் பாவிக்கும் குத்து வெப்பமானியே போதும். காலையில் பார்க்க வேண்டும், மண் அப்போதுதான் ஆகக் குளிர்ந்திருக்கும். நாலைந்து நாள் தொடர்ந்து அந்தச் செடிக்கு வேண்டிய அளவைக் காட்டினால் நம்பலாம். மண்ணைச் சீக்கிரம் சூடாக்க வேண்டுமென்றால் இரண்டு வாரம் முன்னதாகக் கறுப்புப் பிளாஸ்டிக் தாளைப் பாத்தியோடு ஒட்டி விரியுங்கள். வைக்கோல் மூடாக்கை அந்த நேரத்தில் போடக்கூடாது, அது குளிரைத்தான் உள்ளே பூட்டிவைக்கும்.

ஒன்ராறியோ ஏரிக் கரையில் இருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ஏரி இரவுக் குளிரைத் தணிப்பதால் உங்களுக்கு உறைபனி சீக்கிரம் நின்றுவிடும். ஆனால் மே மாதத்தில் அந்தத் தண்ணீர் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. ஏரிக்காற்று வீசும் பகல்கள் உள்நாட்டைவிடக் குளிராக இருக்கும். உறைபனித் தேதி முந்தி வரும், புடோல் கொடி பிந்திப் படரும். தேதியும் வெப்பமும் வேறு வேறு என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டாம்.

‘நாங்கள் எத்தனையாம் மண்டலம்?’

செடி அட்டைகளில் மண்டல எண் இருப்பதால் பலர் அதைப் பார்த்து நடவு நாளைக் கேட்கிறார்கள். அந்த எண், பல்லாண்டுச் செடி ஒன்று உங்கள் ஊர்க் குளிர்காலத்தைத் தாண்டி உயிரோடு இருக்குமா என்பதற்கானது. அமெரிக்க முறையில் லண்டன் மாநகரும் வட புளோரிடாவும் ஒரே 9-ஆம் மண்டலம். புளோரிடாவில் மார்ச்சில் தக்காளி நடுகிறார்கள். லண்டனில் மே கடைசிவரை பொறுக்கிறார்கள். கோடையில் ஒரே முறை காய்த்து முடியும் செடிக்கு மண்டல எண்ணை மறந்துவிடலாம்.

வெளிக்குப் பழக்குதல்

வீட்டுக்குள்ளோ கண்ணாடிக் கூடத்திலோ வளர்ந்த நாற்றின் இலை மெல்லியது. நேரடி வெயிலும் காற்றும் அதற்குப் புதிது. ஏழு முதல் பத்து நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சூழலுக்குப் பழக்குவதைத்தான் கடினப்படுத்தல் என்கிறோம். முதல் நாள் ஓரிரண்டு மணி நேரம் நிழலில் வையுங்கள், பிறகு காலை வெயில், அப்புறம் முழு வெயில், கடைசியாக இரவு. இதைத் தவறவிட்டால் நல்ல வெப்பநாளிலும் இலை வெள்ளையாகப் பொசுங்கும்.

ரொறன்ரோவில் ஒரு நடைமுறை ஒழுங்கு

மேலே சொன்ன எல்லாம் சேர்ந்து வரும் வரிசை இது. இரவுகள் தொடர்ந்து 10 டிகிரிக்கு மேல் நிற்பதாக ஒரு வார முன்னறிவிப்புக் காட்டினால் தக்காளி வெளியே போகலாம். பல ஆண்டுகளில் மே நான்காம் வாரத்தை ஒட்டி இது அமையும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் இரவு 12, 13 வேண்டும், மண் 16-ஐத் தாண்ட வேண்டும். மே கடைசி அல்லது ஜூன் முதல் நாட்கள். வெண்டி, பாகல், புடோல், பயற்றை இவற்றுக்கு இரவு 15 டிகிரி, மண் 18 முதல் 20. பெரும்பாலும் ஜூன் முதல் பாதி. ஓர் ஆண்டு வெப்பம் முந்தினால் நீங்களும் முந்துங்கள், பிந்தினால் பிந்துங்கள்.

"அவ்வளவு பிந்தினால் புடோல் எப்போது காய்க்கும்?" என்ற கேள்வி நியாயமானது. அக்டோபரில் முதல் உறைபனி வந்துவிடும். இந்த நெருக்கடிக்குத் தீர்வு வீட்டுக்குள்ளே இருக்கிறது. மிளகாய், கத்தரியை மார்ச்சில் உள்ளே விதைத்துவிடுங்கள். கொடிகளின் வேர் தொந்தரவைப் பொறுக்காது, ஆகவே நடுவதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பாக மட்டும் கொஞ்சம் பெரிய சட்டியில் விதைத்து, மண் கட்டி உடையாமல் இறக்குங்கள்.

கறிவேப்பிலையும் முருங்கையும் சட்டியில் இருப்பதால் மண்கணக்கு அவற்றுக்கு வேண்டாம், இரவு வெப்பத்தை மட்டும் பாருங்கள். கறிவேப்பிலையை இரவு 12 டிகிரி நிலைத்த பிறகு வெளியே விட்டு, செப்டம்பரில் இரவு அதே அளவுக்கு இறங்கத் தொடங்கும்போது உள்ளே எடுத்துவிடுங்கள்.

கத்தரிக்காகக் காத்திருக்கும் பாத்தியை மே மாதம் முழுக்க வெறுமையாக வைத்திருக்கவும் தேவையில்லை. ஏப்ரல் கடைசியிலேயே அதில் முள்ளங்கி, பசளி, கொத்தமல்லி போடலாம். கொத்தமல்லி கோடைச் சூட்டில் சீக்கிரம் பூத்து வீணாகும், அதற்கு இந்தக் குளிர் வாரங்கள்தான் வாய்ப்பான காலம். முள்ளங்கி ஒரு மாதத்தில் பிடுங்கத் தயாராகிவிடும். அது போன குழியிலேயே கத்தரி நாற்றை வைக்கலாம்.